இதழ் குறைந்த பூ

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் ஏஞ்சலின் வீட்டுச் சன்னல் திறந்திருந்தது. நஸ்னீன் வண்டியை வேலியோரம் நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து ஏஞ்சலின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது. நேர்காணலுக்காகப் பழகிக்கொண்ட குரல் அது. ஒவ்வொரு வாக்கியத்திற்கும் இடையில் சற்றே நின்று, முகத்தில் புன்னகை இருப்பதைக் காட்டிக்கொள்ளும் குரல்.

"என் தாயின் முன்பல் ஒன்றில் ஒரு பள்ளம் இருக்கிறது. பட்டு இழையைக் கடித்துக் கடித்து உண்டான பள்ளம். பல் மருத்துவம் படிக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் பிறந்தது."

நஸ்னீனின் கை தலைக்கவசத்தின் வாரிலேயே நின்றுவிட்டது. அது நஸ்னீனுடைய விடை.

இருவரும் ஒரே கல்லூரியில் பல் மருத்துவம் பயின்றவர்கள். காஞ்சிபுரத்தில் வெவ்வேறு மருத்துவர்களிடம் உதவியாளர்களாக இருப்பவர்கள். கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம், இந்தியாவில் பட்டம் பெற்ற பல் மருத்துவர்களை இரண்டாண்டுப் படிப்பிற்குச் சேர்த்துக்கொள்கிறது. அதை முடித்தால் அந்நாட்டிலேயே மருத்துவராகலாம். பல இடங்களுக்கு விண்ணப்பித்தும், நஸ்னீனை நேர்காணலுக்கு அழைத்தது அந்த ஒன்றே. அது கைவிட்டுப் போனால், பெரிய மருத்துவரின் அருகில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டே காலம் கழியும். ஏஞ்சலையும் அதே பல்கலைக்கழகம் அழைத்திருந்தது. நஸ்னீனுக்குச் செவ்வாய்க்கிழமை, ஏஞ்சலுக்கு வியாழக்கிழமை. ஒரே ஊரிலிருந்து இருவரை எடுக்கமாட்டார்கள் என்று யாரோ ஒருவர் காணொளியில் சொல்லக் கேட்டதிலிருந்து நஸ்னீனுக்குத் தூக்கம் சரியாக இல்லை.

இருவரும் ஒருவருக்கொருவர் தேர்வாளராக அமர்ந்து வினவுவது வழக்கம். 'ஏன் பல் மருத்துவம்?' என்ற வினாவிற்கு நஸ்னீன் தன் தாய் உம்முசல்மாவைப் பற்றிச் சொல்வாள். சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுபவர் அவர். நூலைக் கத்தரிக்கக் கத்தரிக்கோல் எடுக்கமாட்டார். பல்லால் கடித்துத் துண்டிப்பார். அதனால் மேல்வரிசை முன்பல்லில் ஊசி அகலத்திற்கு ஒரு தடம். இதனை நஸ்னீன் ஏஞ்சலைத் தவிர வேறொருவரிடமும் சொன்னதில்லை.

அன்று அவள் கதவைத் தட்டாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டாள். வழியெல்லாம் பழைய நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாய் வேறு முகம் காட்டின. அந்த விடையை முதன்முதலாகச் சொன்ன நாளில் ஏஞ்சல் ஏன் ஒன்றும் பேசாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்? அவள் விடை என்னவென்று கேட்டபோதெல்லாம், "இன்னும் யோசிக்கலப்பா" என்று ஏன் நழுவினாள்?

வீட்டில் தந்தை கலீமுல்லா, நெசவாளருக்குக் கொடுக்கவேண்டிய புதிய கரை வடிவத்தைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிய அளவில் பட்டுச் சேலை வணிகம் செய்பவர். மகள் சொன்னதைக் கேட்டு அவர் வியப்படையவில்லை.

"நேரா போயி கேட்டியாம்மா?"

"இல்ல அத்தா."

"கேக்காத. கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க." அவர் திரையில் ஒரு பூவைப் பெரிதாக்கிக் காட்டினார். "இதுல எத்தினி இதழு?"

"ஏழு."

"மத்த பூவுக்கெல்லாம் எட்டு. இந்தத் தறிக்குக் குடுக்கறதுல இந்தப் பூ. அடுத்த தறிக்கு வேற பூவுல கொறைப்பேன். நாளைக்கு இதே கரை வேற எவன் கடையிலயாவது தொங்குனா, எந்த வீட்டுலேர்ந்து போச்சுன்னு பூ சொல்லிரும். வாங்குற அம்மா யாரும் இதழ எண்ணிக்கினு இருக்கறதில்ல."

அடுத்த அறையிலிருந்து உம்முசல்மா, "ரெண்டு புள்ளைங்களும் ஒரே தட்டுல பிரியாணி சாப்ட்டதுங்க. இதுல பூவாம், இதழாம்," என்றார்.

"நீ குஞ்சத்தப் பாரு," என்றார் கலீமுல்லா.

மறுநாள் நஸ்னீன் ஓர் இதழைக் குறைத்தாள். இருவரும் பயிற்சிக்கு அமர்ந்தபோது, "இன்னொன்னு ஞாபகம் வந்துதுடி," என்று ஏஞ்சலிடம் தொடங்கினாள். பள்ளியில் படித்த காலத்தில், பிறந்தநாள் மெழுகுவத்தியை உருக்கித் தாயின் பல் பள்ளத்தை அடைத்ததாகவும், அன்று முழுதும் தாய் அதைக் கெடாமல் வைத்திருந்ததாகவும், இரவுச் சோற்றோடு மெழுகு வயிற்றுக்குள் போனதாகவும் சொன்னாள். அப்படியொன்று நடக்கவேயில்லை. இதனை ஏஞ்சல் எடுத்துக்கொள்வாளானால் ஐயத்திற்கு இடமே இல்லை.

ஏஞ்சல் கைகொட்டிச் சிரித்தாள். "செமடி! இத மொதல்ல சொல்லு. பல்லு, பள்ளம் எல்லாம் அப்புறம். எங்க, இன்னொரு தபா சொல்லு பாப்போம்."

நஸ்னீன் மீண்டும் சொன்னாள். 'உருக்கினேன்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள் ஏஞ்சல். மெழுகு விழுங்கிய இடத்தில் சிரிக்கவேண்டாம், அவர்களைச் சிரிக்க விடு என்றாள். இவ்வளவு அக்கறை எதற்கு என்று நஸ்னீன் அவள் கண்களையே பார்த்தாள். மனப்பாடம் செய்கிறாளோ? ஆயினும் அவள் திருத்தியபடியெல்லாம் திருத்திச் சொன்னாள், நாள்தோறும் சொன்னாள். பொய் வழவழப்பாகிக்கொண்டே வந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை, மாடியறையில் தடித்த பாடநூல்களை அடுக்கி அவற்றின்மேல் மடிக்கணினியை வைத்து நஸ்னீன் அமர்ந்தாள். மேலே வெள்ளைச் சட்டை; மேசைக்குக் கீழே வீட்டில் அணியும் பூப்போட்ட கால்சட்டை. திரையில் மூவர் தோன்றினர். நடுவில் ஒரு முதியவர். அவருக்கு வலப்புறம் ஓர் இளைஞர். மற்றொரு கட்டத்தில் கருங்கூந்தல் கொண்ட ஒரு பெண்மணி. அப்பெண்மணியின் பெயரை முதியவர் சொன்னபோது இணைப்பு ஒருமுறை விக்கியது; பெயர் காதில் விழவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் வினாக்கள் நன்றாகவே கழிந்தன. பின்னர் முதியவர், "ஏன் பல் மருத்துவம்?" என்றார்.

நஸ்னீன் தாயின் பல்லைப் பற்றி உண்மையையே சொல்லத் தொடங்கினாள். மூன்றாவது வாக்கியத்தில் நா தானாகப் பழகிய தடத்தில் இறங்கிவிட்டது. 'உருக்கினேன்' என்றாள், நின்றாள், மெழுகை விழுங்கிய இடத்தில் தான் சிரிக்காதிருந்தாள். மூவரும் சிரித்தனர். அப்போதுதான் தான் சொன்னது இன்னதென்று அவளுக்கு உறைத்தது. ஏஞ்சலுக்கென்று இதழ் குறைத்த பூ தன் சேலையிலேயே தொங்கிற்று.

"அருமை!" என்றார் முதியவர். "உங்கள் தாய் வீட்டில் இருக்கிறாரா? அந்தப் பல்லைப் பார்க்க ஆசையாக இருக்கிறது."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கதவருகில் நிழலாடியது. அழைப்பார்களோ என்று அதுவரை அங்கேயே நின்றிருந்த உம்முசல்மா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து திரையை நோக்கிச் சலாம் செய்தார். புன்னகை செய்தார். பள்ளம் தெளிவாகத் தெரிந்தது.

"மெழுகோடு சாப்பிட்ட அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள்," என்றார் முதியவர்.

நஸ்னீன் தாயின் பக்கம் திரும்பினாள். பல் வலிக்கிறதா என்று கேட்டாலும் போதும். தாய் எதையாவது சொல்வார். அதை ஆங்கிலத்தில் எப்படி வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லலாம். ஆனால் அந்தக் கணத்தில், இதுவரை அசையாதிருந்த கருங்கூந்தல் பெண்மணி கன்னத்திலிருந்து கையை எடுத்து நிமிர்ந்து அமர்ந்தார். ஏன் நிமிர்ந்தார்? இவருக்குத் தமிழ் தெரியுமோ? பெயர் மட்டும் காதில் விழுந்திருந்தால்!

"அம்மா," என்றாள் நஸ்னீன் மெல்ல, "நான் சின்ன வயசுல உங்க பல்லுல மெழுகு வெச்சு அடைச்சேனே, ஞாபகம் இருக்குதா?"

"மெழுகா? யாரு, நீயா?" உம்முசல்மா வியந்தார். "எம் பல்ல நீ எப்ப பாத்த? சோத்தப் போட்டா ஃபோனப் பாத்துக்கினே துன்னுட்டு எந்திரிப்ப."

பெண்மணியின் உதடு அசைந்ததா, இணைப்பு அசைந்ததா என்று நஸ்னீனால் அறிய முடியவில்லை. அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: "அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறார். உண்மைதான். மெழுகு நான் கட்டிய கதை. என்னோடு விண்ணப்பித்திருக்கும் தோழி ஒருத்தி என் விடையை எடுத்துக்கொண்டாள் என்று ஐயப்பட்டேன். அவளைக் கண்டுபிடிக்க அந்தப் பொய்யை வைத்தேன். இங்கே சொல்ல நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது."

முதியவர் திரையை நெருங்கி அமர்ந்தார்.

"தோழி அகப்பட்டாளா?" என்று கேட்டார் முதியவர்.

"இன்னும் தெரியாது."

இளைஞர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை நஸ்னீன் முசரவாக்கத்திற்குப் புறப்பட்டாள். இடம் போயிற்றென்றால் அதற்குக் காரணமானவளை முகத்திற்கு நேரே கேட்டுவிடவேண்டும். வீடு பூட்டியிருந்தது. ஏஞ்சலின் தாய் ரேணுகாம்பாள் இரண்டு வீடு தள்ளி ஒரு தறியில் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவின் நூல்முனையோடு புதிய பாவின் முனையை இழை இழையாகத் திரித்து இணைக்கும் வேலை. நஸ்னீன் அறிந்தவரை ரேணுகாம்பாள் கூச்சமுள்ளவர். சிரிக்கும்போதெல்லாம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார். இன்று இரண்டு கைகளும் இழைகளுக்குள் இருந்தன.

"வாம்மா டாக்டரே! இன்னா மூஞ்சி இப்பிடி இருக்குது? சீமைக்காரன் உன் பல்லப் புடுங்கிட்டானா?" என்று கேட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார்.

மேல்வரிசை முன்பல்லில், ஊசி அகலத்திற்கு ஒரு தடம்.

நஸ்னீன் அங்கேயே ஒரு முக்காலியில் அமர்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் ஏஞ்சல் வந்ததும், சன்னலில் கேட்டது முதல் நேர்காணலில் உளறியது வரை யாவற்றையும் சொன்னாள். ரேணுகாம்பாளின் கைகள் நிற்கவில்லை; ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏஞ்சல் தாயின் அருகில் போய் நின்றாள். "நீ மொத நாள் அத சொன்னப்பவே எனக்குத் திக்குன்னுது. அது என் பதிலு. நீ முந்திக்கின. எங்கம்மா பல்லும் அப்பிடித்தான்னு சொன்னா நம்புவியாடி? காப்பி அடிக்கறேன்னு சொல்லுவ. அதான் வேற ஏதாவது தேடிக்கினே இருந்தேன். ஒண்ணும் வரல."

"அந்த மெழுகுக் கதைய ஏன் அவ்ளோ திருத்துன?"

"நல்லா இருந்துச்சு. நீ பாஸாவணும்னு திருத்துனேன்." அவள் குரல் உயர்ந்தது. "இப்ப நான் இன்னா பண்றது? நாளைக்கு அதே மூணு பேரு. எங்கம்மா பல்லுன்னு வாயத் தொறந்தாலே, இவதான் அந்தத் திருடின்னு நெனைப்பாங்க!"

"நான் மெயில் எழுதறேன். உன் கதை உண்மைன்னு."

"எழுது. இங்கயே எழுது. நான் பாக்கணும்."

நஸ்னீன் கைப்பேசியில் எழுதினாள். ஏஞ்சல் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "'தப்பாப் புரிஞ்சுக்கினேன்'னு போடாத. சந்தேகப்பட்டேன்னு போடு. உங்கிட்ட நான் பொய் சொல்லவேயில்லன்னும் போடு." நஸ்னீன் அவ்வாறே மாற்றினாள். இத்தகைய கடிதம் ஒன்றை அனுப்பியவளுக்கு எவரும் இடம் தரமாட்டார்கள் என்று எண்ணியபடியே அனுப்பினாள். கடிதம் வந்துசேர்ந்தது என்ற தானியங்கி மறுமொழி மட்டுமே வந்தது.

வியாழக்கிழமை மாலை ஏஞ்சல் உள்ளே அமர்ந்தாள். நஸ்னீன் உதவிக்கென்று போயிருந்தாள்.

"நீ வெளிய இருப்பா," என்றாள் ஏஞ்சல். கதவைச் சாத்தினாள். சன்னலையும் சாத்தி, அதன்மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள். அயலார் வரும்போது தறியிலிருக்கும் சேலையின்மேல் துணி போர்த்துவார்களே, அதைப் போல.

வாசலில் நஸ்னீனும் ரேணுகாம்பாளும் அமர்ந்திருந்தனர். ரேணுகாம்பாள் நல்ல சேலை உடுத்துத் தலையில் பூ வைத்திருந்தார். அவர் போட்டுக் கொடுத்த டீயை நஸ்னீன் குடிக்காமல் பக்கத்தில் வைத்திருந்தாள். அழைத்தால் வாயைத் திறந்து காட்டவேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். உள்ளே பேச்சு முணுமுணுப்பாகவே கேட்டது. ஒருமுறை சிரிப்பொலி எழுந்தது. என்னைப் பற்றியோ என்று நஸ்னீன் காதைத் தீட்டிக்கொண்டாள்.

கதவு திறந்தபோது ஏஞ்சலின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பல்லப் பத்திக் கேக்கவே இல்ல," என்றாள்.

"கூப்பிடலயா?" என்றார் ரேணுகாம்பாள். "காலையிலேர்ந்து வெத்தல கூட போடாம உக்காந்துக்கினு இருக்கறனே!"

"பின்ன இன்னாதான் கேட்டாங்க?" என்றாள் நஸ்னீன்.

"அந்தக் கருப்பு முடி மேடம் ஒண்ணு கேட்டாங்க. உன்ன நம்பாத ஒருத்தி பக்கத்து நாற்காலியில வேல செய்யறா. நீ அவசரமா வெளிய போவணும். உன் பேஷண்ட்ட அவ கையில உட்டுட்டுப் போவியான்னு."

"என் பேரச் சொன்னாங்களா?"

"சொல்லல. எல்லாரையும் கேக்கற கேள்வியாக் கூட இருக்கலாம்." ஏஞ்சல் உள்ளே திரும்பிச் சன்னல் போர்வையை அவிழ்த்தாள்; நஸ்னீனும் பின்னாலேயே போனாள். "கட் பண்றதுக்கு முன்னாடி, 'அம்மாவக் கேட்டதாச் சொல்லு'ன்னாங்க. தமிழ்ல."

அன்று நஸ்னீனின் தாய் சொன்னது முழுதும் அவருக்குப் புரிந்திருக்கிறது.

"அந்தக் கேள்விக்கு நீ இன்னா சொன்ன ஏஞ்சல்?"

ஏஞ்சல் போர்வையின் ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். நஸ்னீன் பிடித்துக்கொண்டாள். இருவரும் எதிரெதிரே நின்று உதறி மடித்தனர். முனையும் முனையும் சேர அருகில் வந்தனர். நஸ்னீன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். உதட்டோரம் இருந்தது சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

"சொல்லுடி. உட்டுட்டுப் போவேன்னு சொன்னியா?"

"டீ ஆறிப் போவுது, குடி," என்றாள் ஏஞ்சல். மடித்த போர்வையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.