யூஜீனியாவின் கிற்றாருக்கு ஒரு கழுத்து

கழுதைதான் உடைத்தது என்று பஸ்தியான் சொன்னான்.

"எந்தக் கழுதை?" என்று யூஜீனியா கேட்டாள்.

"நாலு கால் கழுதைதானப்பா. நீ நினைக்கிற கழுதை இல்ல."

"கிற்றாரைக் கொண்டுபோய் வலை காயப்போடுற கம்பில தொங்கவிட்டதுக்கு எத்தினை கால்?"

பஸ்தியான் உதவி கேட்பவனைப் போல என்னைப் பார்த்தான். நான் கிற்றாரைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு வரும் விருந்தாளிகளுக்காக வீட்டுக்குள் பெயின்ற் அடித்திருக்கிறான். சாமான்களை வெளியே எடுக்கும்போது மனைவியின் கிற்றாரை மண் படாமல் உயரத்தில் தொங்கவிட்டால் பத்திரம் என்று நினைத்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் இல்லாத கழுதைகள் வீதிக்கு வீதி திரியும். அதில் ஒன்று வந்து கம்பில் முதுகு தேய்த்தது. கம்பு சாய, கிற்றார் சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் விழுந்தது. சிவப்பு உடலில் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்து மட்டும் இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வளைந்து வெளியே எட்டிப் பார்த்தது.

"நூஹு நானா, இதை ஒட்டேலுமோ?" என்று யூஜீனியா என்னைக் கேட்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆலங்குடாவில் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைப்பதுதான் என் தொழில். சோளகக் காற்று எழும்பி கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகுகள் எல்லாம் கரையேறிவிடும். அப்போது என் பட்டறை நிறைந்திருக்கும், பஸ்தியானைப் போன்றவர்களுக்கு வேலை இருக்காது. அவன் தினமும் வந்து என் பட்டறைக் கதிரையில் உட்கார்ந்து, நான் செய்வதில் குறை சொல்லிக்கொண்டிருப்பான்.

"ஒட்டலாம் தங்கச்சி. ஆனா நிக்காது," என்றேன். "ஆறு கம்பியையும் சுருதிக்கு ஏத்தினா, அதெல்லாம் சேர்ந்து கழுத்த இழுக்கிற இழுப்பு ஒரு மூடை சீமெந்துக்குக் கிட்ட வரும். ராவும் பகலும் இழுக்கும். ரெசின் போட்டு ஒட்டின இடம் ஒருநாள் விடியச் சாமத்தில 'டப்'பெண்டு போயிடும்."

அவள் தலையாட்டினாள். சனிக்கிழமை அவளுடைய தம்பி அன்ரனிக்குக் கல்யாணம். யாழ்ப்பாணத்துக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து இங்கே வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. அகதி முகாமில் அவனை அழாமல் வைத்திருக்க அவள் யாரோ தந்த பழைய கிற்றாரில் வாசிக்கப் பழகினாள். உன் கல்யாணத்துக்கும் நானேதான் வாசிப்பேன் என்று அப்போது விளையாட்டாகச் சொன்னதை அவன் மறக்கவில்லை. மண்டபத்துக்கு அவன் வேறு இசைக்குழுவைப் பேசவே இல்லை. பஸ்தியானின் மருமகன் டிலான் மட்டும், தன்னுடைய பாட்டுப்பெட்டிகளையும் கலர் லைற்றுகளையும் கொண்டுவரத் தயாராகக் காத்திருந்தான். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் முடிவைச் சொல்லவேண்டும் என்று அறிவித்தும் விட்டான்.

எலெக்ட்ரிக் கிற்றாரில் ஒரு நல்ல விசயம் உண்டு. பெரும்பாலானவற்றில் கழுத்து ஒட்டப்பட்டிருக்காது. உடலில் ஒரு செவ்வகக் குழி, அதில் கழுத்தின் அடி இறுக்கமாக உட்காரும், பின்பக்கத்திலிருந்து நான்கு திருகாணிகள் பிடித்துக்கொள்ளும். படகின் பின்பலகையில் எஞ்சினைப் பூட்டுவது மாதிரி. ஒன்று பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். வேறொன்று கிடைக்கவேண்டும், அவ்வளவுதான்.

கிடைத்தது. கடற்கரை ஹோட்டலில் சமையல் வேலை செய்யும் ஹிஸ்புல்லா, பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களில் ஒருவர் விட்டுப்போன கிற்றார் ஒன்று அங்கே கிடப்பதாகச் சொன்னான். அதன் உடல் உப்புத்தண்ணீர் குடித்து, உள்ளே இருந்த வயர்கள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. கழுத்து மட்டும் வெய்யிலில் காய்ந்த கருவாடு போல நேராக, திடமாக இருந்தது.

அதைக் கொண்டுவந்து குழிக்குள் வைத்துப் பார்த்தேன். ஒரு ஓரம் மட்டும் முட்டியது. படகுக்குத் தேய்க்கும் மெல்லிய அரத்தாளால் நாலு இழுப்பு இழுத்ததும் போய் உட்கார்ந்தது. ஆனால் திருகாணி ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக வரவில்லை. நான் ரெசின் டப்பாவைத் திறந்தேன்.

"தொடங்கிட்டான்," என்றான் பஸ்தியான். "இவனுக்குப் பல்லுக் கொதிச்சாலும் ரெசின்தான் ஊத்துவான்."

அவன் சொன்னது சரிதான். காய்ந்த ரெசின் கண்ணாடி மாதிரி. திருகாணி அதற்குள் ஏறும்போது வெடிக்கும். மரத்துக்கு மரம்தான் பொருத்தம். பழைய வள்ளம் ஒன்றிலிருந்து எடுத்துவைத்த பாலைமரத்தில் நான்கு சிறு ஆப்புகள் சீவி, பசை தடவி, பழைய ஓட்டைகளில் அடித்து இறுக்கினேன். மறுநாள் அது காய்ந்த பிறகு சரியான இடங்களில் புதிதாகத் துளை போட்டேன். திருகாணிகளைச் சவர்க்காரக் கட்டியில் குத்தி, வழுக்கலாக்கித்தான் முறுக்கவேண்டும். உலர்ந்த திருகாணி வன்மரத்தில் பாதி வழியில் இறுகித் தலை கழன்றுவிடும்.

முழுதாக முறுக்குவதற்கு முன் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு என் சேட்டுப் பையிலேயே ஆயுதம் இருந்தது. தங்கூசி. மீன் பிடிக்கும் அந்தக் கண்ணாடி நூல்தான். தலைப்பக்கத்தில் கம்பிகள் தொடங்கும் வெள்ளைக் கட்டையின் இரு ஓரங்களிலிருந்தும் இரண்டு தங்கூசிகளை பிரிட்ஜ் வரைக்கும் இழுத்துக் கட்டினோம். பிரிட்ஜ் என்பது உடலில் கம்பிகள் முடியும் உலோகத் தகடு. கழுத்தின் இரண்டு விளிம்புகளிலும் ஒரே அளவு இடைவெளி இருந்தால் கழுத்து நேர். ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தால் கோணல். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, கிளாம்ப் போட்டு இறுக்கி, திருகாணிகளை முறுக்கினேன். அழகாக நின்றது.

யூஜீனியா கையில் எடுத்து, விரல்களைக் கழுத்தில் ஓடவிட்டாள்.

"நானா, இது நெருக்கமா இருக்கு. பழசில என்ர விரல் இன்னும் கொஞ்சம் அகலிச்சு விழும்."

பழைய துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் சின்ன உலோகக் கம்பிகளை ஃபிரெட் என்பார்கள். புதுக் கழுத்தில் அவை கொஞ்சம் கிட்டக் கிட்ட இருந்தன. அது குட்டையான கிற்றாருக்கு என்று செய்த கழுத்து.

இங்கேதான் கிற்றாரின் சூட்சுமம் இருக்கிறது. ஒரு கம்பியைச் சரிபாதியில் அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். பன்னிரண்டாவது ஃபிரெட் அந்தச் சரிபாதியில் இருக்கவேண்டும். வெள்ளைக் கட்டையிலிருந்து அதற்கு எவ்வளவு தூரமோ, அதிலிருந்து பிரிட்ஜுக்கும் அவ்வளவு தூரம். ஃபிரெட்டுகளை நகர்த்த ஏலாது. ஆகவே பிரிட்ஜ்தான் நகரவேண்டும்.

"அது லேசு," என்றான் பஸ்தியான். "பாதியை அளந்து இரட்டிச்சா முழுசு. வலைக்கு நாங்க அளக்கிற மாதிரி."

அவன் தங்கூசியை வெள்ளைக் கட்டையில் பிடித்தான். நான் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு இழுத்தேன். இருவரும் வலை இழுத்த கைகள், தங்கூசி விண்ணென்று நின்றது. அந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். பஸ்தியான் பீடி பற்றவைக்க வெளியே போனான். நான் அதே நீளத்தை மடித்து இன்னொரு முடிச்சுப் போட்டு, தங்கூசியைக் கிற்றாரின் மேல் கிடத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பென்சில் கோடு கீறினேன். பிரிட்ஜைக் கழற்றி, கோட்டில் வைத்து, துளை போட்டு இறுக்கினேன். கம்பிகள் ஏறின.

யூஜீனியா சுருதி கூட்டினாள். வெறும் கம்பிகள் தேன் போலக் கேட்டன. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்குப் போனாள். அவள் முகம் புளிச்சம்பழம் கடித்தது போலானது.

"சுருதி கூடிப் போகுது. மேல போகப் போகக் கூடுது."

பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சிறு திருகு உண்டு, அதைத் திருகினால் கம்பியின் முனை கொஞ்சம் முன்பின் நகரும். ஆறையும் பின்னால் கடைசி வரைக்கும் திருகினேன். அப்போதும் கூடியே ஒலித்தது. பஸ்தியானின் ஃபோன் அடித்தது. டிலான். பஸ்தியான் ஃபோனைக் காதில் வைக்காமலே அவன் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, லைற்றுகளை லொறியில ஏத்தட்டோ? மாமி வாசிப்பாவோ, இல்லாட்டிக் கழுதைதான் வாசிக்குமோ?"

"நாளைக்குச் சொல்லுறன், வை," என்றான் பஸ்தியான்.

யூஜீனியா சிரிக்கவில்லை. கிற்றாரை மேசையில் மெல்ல வைத்துவிட்டு, "அன்ரனிக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் யோசிக்கிறன்," என்றாள்.

"வெள்ளைக்காரன் சும்மாவோ விட்டுட்டுப் போனவன்?" என்றான் பஸ்தியான். "கழுத்தே பிழையாத்தான் இருக்கும்."

எனக்கு அது ஏற்கவில்லை. ஒரு பொருள் பிழை என்று சொல்வதற்கு முன் அளந்தவனின் கையைச் சோதிக்கவேண்டும். முடிச்சுப் போட்ட தங்கூசி இன்னும் மேசையில் கிடந்தது. எடுத்து வெள்ளைக் கட்டையில் வைத்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்குக் கொண்டுபோனேன். முடிச்சு எட்டவில்லை! அரை விரல் அகலம் குறைவு. கொஞ்ச நேரத்துக்கு முன் நானே அதே இடத்தில் போட்ட முடிச்சு. பலமாக இழுத்தேன். எட்டியது. விட்டேன். குறைந்தது.

"மச்சான்," என்றேன், "தங்கூசி ஏன் இழுபடுது?"

"இது என்ன கேள்வி? இழுபடாட்டிப் பெரிய மீன் ஒரு வெட்டு வெட்டினா வாய் கிழிஞ்சு போயிடுமே. இழுபடத்தானே அதைச் செய்யிறது." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். "ஐயோ, மாதாவே."

ஆம். முதல் தடவை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து அளந்தோம். இரண்டாம் தடவை நான் தனியாகத் தளர்வாகக் கிடத்தினேன். பாதியில் அரை விரல் குறைந்தால் முழுசில் ஒரு விரல். பிரிட்ஜ் ஒரு விரல் அகலம் கூடுதலாக முன்னால் வந்துவிட்டது. கழுத்து நேரா என்று பார்க்கத் தங்கூசி நல்ல சாட்சி, எவ்வளவு இழுத்தாலும் நேர் நேர்தான். நீளத்துக்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிட்டதுதான் என் மடத்தனம்.

"அளவு நாடா இல்லையோ நானா?"

"இரிக்கி. உப்புக் காத்தில துருப்பிடிச்சு, இழுத்தா ஒரு சாணுக்கு மேல வராது."

யூஜீனியா கொஞ்சம் யோசித்தாள். "எங்கட வீட்டு உடுப்புக் கொடி தொய்யிறதே இல்ல," என்றாள். "போன வருசம் கட்டினது. ஈரப் போர்வை நாலு போட்டாலும் அப்பிடியே நிக்கும்."

அந்தக் கொடியைப் பஸ்தியான்தான் கட்டினான். பட்டக்காரர்கள் யாரோ அறுத்துவிட்ட மெல்லிய வெள்ளைக் கயிறு, கரையொதுங்கியது. நான் துள்ளி எழுந்துவிட்டேன். வேறென்ன வேண்டும்! கடலில் சறுக்குகிறவன் கையை ஒரு சாண் இழுத்தால் வானத்தில் நிற்கும் பட்டமும் அந்தக் கணமே ஒரு சாண் இழுபடவேண்டும். கயிறு நீண்டு கொடுத்தால் பட்டம் பிந்தித் திரும்பும், ஆள் கடலுக்குள் இருக்கும் கற்பாரில் போய் மோதுவான். இழுபடாமல் இருப்பதற்கென்றே செய்த கயிறு அது.

பஸ்தியான் ஓடிப்போய் கொடியின் மிச்ச நுனியை வெட்டிக்கொண்டு வந்தான். இழுத்து அளந்தேன், தளர்த்தி அளந்தேன். முடிச்சு இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றது. அளவை இரட்டித்து, இன்னொரு கோடு கீறினேன். பிரிட்ஜ் பழைய இடத்துக்கும் நான் பிழையாக வைத்த இடத்துக்கும் நடுவில் வரவேண்டியிருந்தது. பிழையான துளைகளில் மீண்டும் பாலைமர ஆப்புகளை அடித்து, இரவு முழுக்கக் காயவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தபோது இருவரும் பட்டறை வாசலில் எனக்காகக் காத்திருந்தார்கள். துளை போட்டு பிரிட்ஜை இறுக்கினேன். ஆப்படித்த பழைய ஓட்டைகள் தகட்டுக்கு அடியிலேயே மறைந்துபோயின. யூஜீனியா கம்பிகளை ஏற்றினாள். பிறகு தடித்த கம்பியின் நடுவில் விரலை அழுத்தாமல், பூவைத் தொடுவது போலத் தொட்டு மீட்டினாள். மணி போல ஒரு ஒலி வந்தது. அது சரிபாதியின் சரியான சுரம், கம்பி தானாகவே சொல்வது. அடுத்து அதே இடத்தில் ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அவள் சொல்லச் சொல்ல நான் சின்னத் திருகைக் கால் சுற்றுத் திருகினேன்.

"இன்னும் கொஞ்சம். காணும். நில்லுங்கோ."

மறுபடி மீட்டினாள். இரண்டு ஒலிக்கும் இடையில் கத்தி நுழைய இடமில்லை. மற்ற ஐந்து கம்பிகளையும் அப்படியே செய்தோம். கடைசிக் கம்பியும் ஒத்துவந்தது. அவள் கதிரையில் சாய்ந்து, கால் தாளம் போட, கல்யாணங்களில் ஆடும் பைலா மெட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். அம்பிளிஃபையர் இல்லாமல் சன்னமாகத்தான் கேட்டது. ஆனாலும் பக்கத்துப் படகில் பெயின்ற் சுரண்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"விரல் நெருக்கமா விழுது எண்டாயே தங்கச்சி?"

"பழகிட்டன் நானா. என்ர கைக்கு இதுதான் வாய்ப்பு."

பஸ்தியான் ஃபோனை எடுத்தான். "டேய் டிலான், லைற்றை மட்டும் கொண்டா. பாட்டுப்பெட்டி வேணாம். மாமி வாசிப்பா. கழுதைக்கும் கார்ட் குடுத்திருக்கிறம், வந்தா நீதான் வாசல்ல நிண்டு வரவேற்பாய்."

சனிக்கிழமை மண்டபத்தில் யூஜீனியா இரண்டு மணி நேரம் வாசித்தாள். அன்ரனி மாப்பிள்ளைக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அக்காவின் முன்னாலேயே ஆடினான். டிலான் தன் கலர் லைற்றுகளுக்கு நடுவில் எல்லோரையும்விட அதிகமாக ஆடினான். நான் ஒரு மூலையில் இருந்து, அவள் விரல்கள் கழுத்தின் மேற்பக்கம் ஏறும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சுரமும் கூடவில்லை.

சாப்பாட்டுக்கு எழும்பியபோது அவள் கிற்றாரைக் கழற்றிப் பஸ்தியானிடம் நீட்டினாள்.

"இதைப் பிடியுங்கோ. நிலத்தில வைக்கக் கூடாது, சாத்தக் கூடாது, ஒண்டிலயும் தொங்கவிடக் கூடாது."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நான் சாப்பிட்டு வரும்வரைக்கும்."

அவள் அவசரப்படவில்லை. சொந்தக்காரர் ஒவ்வொருவரோடும் கதைத்துக் கதைத்துச் சாப்பிட்டாள். பஸ்தியான் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த பிள்ளையைப் போல அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சுவரோரமாக நின்றான். எனக்கென்று ஹலாலாக நஸீர் கடையிலிருந்து எடுப்பித்திருந்த புரியாணியோடு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"பசிக்குதா மச்சான்?"

"பசிக்குதடா. ரெண்டு கையும் வேலையா இருக்கே."

கோழிக்கால் ஒன்றை எடுத்து அவன் வாயில் வைத்தேன். கிற்றாரில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படாமல் கழுத்தை நீட்டி நீட்டிக் கடித்தான்.