மாரம்மாவின் கேல் பாத்தி

ஆயுதபூஜைக் குலுக்கலில் முதல் பரிசு மிக்ஸி, இரண்டாம் பரிசு குக்கர். மாரம்மாவுக்கு விழுந்தது ஒரு விதைப் பொட்டலம்.

மூக்கண்டப்பள்ளியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி அது. ஆறாவது லைனில் ஐந்து பேருக்கு விதை கிடைத்திருந்தது. மற்ற நால்வருக்கும் தக்காளி, வெந்தயம் என்று தெரிந்த பெயர்கள். மாரம்மாவின் பொட்டலத்தில் மட்டும் ஓரமெல்லாம் சுருண்ட கரும்பச்சை இலை ஒன்றின் படம், கீழே ஆங்கிலத்தில் நான்கு எழுத்து.

"என்னாதுமா இது? படிச்சுச் சொல்லு," என்று பக்கத்து மேசையில் வேலை செய்யும் பூங்கொடியிடம் நீட்டினாள்.

பூங்கொடிக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். கல்யாணமாகி ஓசூர் வந்து ஒன்பது வருடம். "கேல்னு போட்டுருக்குக்கா. பெங்களூர்ல பெரிய கடையில பாத்துருக்கேன். கீரை மாதிரி, ஆனா கீரை இல்ல."

மாரம்மா பொட்டலத்தின் மூலையைக் கிழித்து நாலைந்து விதைகளை உள்ளங்கையில் கொட்டினாள். சின்னதாய், உருண்டையாய், கருஞ்சிவப்பாய் இருந்தன. ஒன்றை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது கோஸ் வெதை மாதிரியே இருக்குது."

பூங்கொடி தேநீர் இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்துத் தேடினாள். "ஆமாக்கா! கோஸ் குடும்பந்தானாம். உருண்டை கட்டாது, இலையா விட்டுக்கிட்டே இருக்குமாம். குளிர் பட்டா ருசி கூடுமாம்."

"குளிருக்கா பஞ்சம் இங்க?" என்று சிரித்தாள் மாரம்மா. பொட்டலத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பது வயது. பன்னிரண்டு வயதிலிருந்து கம்பெனியில் சேரும்வரை சுற்று வட்டாரத்தில் அவள் கால்படாத கோஸ் தோட்டம் இல்லை. மண் அணைத்துப் பார் கட்டியிருக்கிறாள், களை எடுத்திருக்கிறாள், அறுத்து மூட்டை கட்டி லாரியில் ஏற்றியிருக்கிறாள். எல்லாம் அடுத்தவர் நிலத்தில். சென்ற ஆண்டுதான் ஊரோரம் மூன்று சென்ட் மனைக்கு அவள் பெயரில் பட்டா வந்திருந்தது. அவள் குடும்பத்தில் யார் பெயரிலும் அதற்கு முன் ஒரு பிடி மண் இருந்ததில்லை. வீடு கட்ட இன்னும் ஒரு வருடமாவது ஆகும். அதுவரை அது சும்மா கிடந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம வர்றியா?" என்று கேட்டாள். "என் மண்ண வந்து பாரு."

ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி போய்ப் பார்த்தபோது மண்ணே தெரியவில்லை. உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி, பிளாஸ்டிக் கயிறு, ஒரு ஒற்றைச் செருப்பு. மாரம்மா கடப்பாரையோடு நின்றிருந்தாள். அவள் கணவன் திம்மப்பன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இதுல புல்லு மொளைக்கட்டும் மொதல்ல," என்றான் அவன்.

"எந்திரிச்சு மம்முட்டிய எடு. ஒக்காந்த எடத்துலயும் கல்லு இருக்குது," என்றாள் மாரம்மா.

மூன்று பேரும் வெயில் ஏறும்வரை கல் பொறுக்கினார்கள். அடுத்த ஞாயிறும் பொறுக்கினார்கள். ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டியபோதுதான் அடியிலிருந்து செம்மண் வந்தது. ஈரமாய், பொலபொலவென்று. மாரம்மா அதை அள்ளி முகர்ந்தாள். பூங்கொடியும் அள்ளினாள்.

"எங்க ஊர்ல கரிசல்க்கா. இப்படி செவப்பா இருக்காது. கையில ஒட்டுனா போகாது."

"இதுவும் ஒட்டும். தண்ணி பட்டதும் பாரு."

பூங்கொடியின் யோசனைப்படி மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். ஐந்து இடத்தில் குழி பறித்து, ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைப் பையில் கட்டி அனுப்பினார்கள். சீட்டு வந்தபோது மாரம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து பூங்கொடி அதைப் படித்தாள். கொஞ்சம் புளிப்பு மண், தழைச்சத்துக் குறைவு.

"மண்ணுக்குக் கூடவா புளிப்பு, இனிப்பு?" என்றான் திம்மப்பன்.

"சுண்ணாம்பு போட்டா சரியாயிருமாம்ண்ணே. வயலுக்குப் போடுறது, சொவத்துக்கு அடிக்கிறது இல்ல."

முதலில் சுண்ணாம்பைத் தூவிக் கொத்திவிட்டார்கள். சுண்ணாம்பையும் எருவையும் ஒன்றாய்ப் போட்டால் எருவின் சத்து ஆவியாகிப் போய்விடும் என்று பூங்கொடி படித்திருந்ததால், பத்து நாள் விட்டுத்தான் எரு வந்தது. மாட்டுக்காரர் கரியப்பன் முந்தின நாள் சாணியையும் சேர்த்தே அள்ளப் பார்த்தார். மாரம்மா விடவில்லை. குப்பைமேட்டின் அடியில் கைவிட்டுப் பார்த்து, சூடு இல்லாமல், சாணி நாற்றம் இல்லாமல், டீத்தூள் மாதிரி உதிர்ந்ததை மட்டும் வண்டியில் ஏற்றச் சொன்னாள். அதோடு வேப்பம்புண்ணாக்கையும் கலந்து மூன்று பாத்தி பிடித்தார்கள். பாத்தியைச் சீப்பால் வாரியதுபோல் சமன்படுத்திவிட்டு மாரம்மா தள்ளி நின்று பார்த்தாள். செருப்புக் காலோடு பாத்திப் பக்கம் போன திம்மப்பனைக் கத்தி விரட்டினாள்.

விதை போட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை, இருவருக்கும் இரண்டாம் ஷிப்ட் இருந்த வாரத்தில். நர்சரியில் வாங்கிய குழித்தட்டில் தென்னைநார்த் தூளை நிரப்பி நனைத்து, ஒவ்வொரு குழியிலும் விரல்நுனியால் ஒரு பள்ளம் வைத்தார்கள். அரிசி மணி நீளத்துக்கு மேல் ஆழம் கூடாது. பூங்கொடி பொட்டலத்தை மாரம்மாவின் கையில் கவிழ்த்தாள்.

மாரம்மா விதையை எடுத்தாள். குழிக்கு நேராகக் கொண்டுபோனாள். போடாமல் நிறுத்தினாள்.

"என்னக்கா?"

"இத்தன வருசத்துல ஒருநாள்கூட யாரும் வெதைய என் கைல குடுத்ததில்ல தெரியுமா? தோட்டக்காரங்க ஊட்டு ஆளுங்கதான் போடுவாங்க. நாங்க அப்புறம் போவோம்." பிறகு சட்டென்று சிரித்துவிட்டாள். "இரு, இரு. கீழ போட்டுட்டன்."

இருவரும் தரையில் முழங்காலிட்டு அந்த ஒரு விதையைத் தேடினார்கள். கிடைத்தது. அறுபது குழிக்கு அறுபது விதை. மேலே மெல்லிசாய்த் தூளைத் தூவி, பழைய வேட்டித் துணியால் மூடிவைத்தார்கள்.

அடுத்த நான்கு நாளும் மாரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் பல் விளக்குமுன் துணியைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் தெளித்துவிட்டுப் பார்த்தாள். "தொறந்து தொறந்து பாத்தா கூச்சப்பட்டு வராது," என்றான் திம்மப்பன். அவனே அவள் குளிக்கப் போன நேரத்தில் தூக்கிப் பார்த்ததை அவள் கண்டுபிடித்தாள்.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, கம்பெனியில் ஆடிட். வெளியாட்கள் கையில் அட்டையோடு லைன் லைனாக நடந்தார்கள். யாரும் பேசக்கூடாது. முதல் ஷிப்ட் தொடங்கி இரண்டு நிமிடம் கழித்து மாரம்மா ஓடிவந்து தன் மேசையில் நின்றாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் தாமதம். தலைத்தொப்பி கோணலாக இருந்தது.

பூங்கொடி புருவத்தை உயர்த்தினாள். மாரம்மா மேசைக்குக் கீழே நான்கு விரலைக் காட்டினாள். பிறகு மூன்று விரல்.

பூங்கொடிக்குப் புரியவில்லை. ஏழா? மாரம்மா வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். மறுபடி நான்கு. கொஞ்சம் விட்டு மூன்று. பிறகு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, மெல்ல மேலே தூக்கிப் பிரித்துக் காட்டினாள். இரண்டு இலை.

"நாப்பத்தி மூணா!" பூங்கொடி வாய்விட்டே கத்திவிட்டாள்.

சூப்பர்வைசர் அசோக்குமார் திரும்பினார். அட்டை வைத்திருந்த வெளியாட்களும் திரும்பினார்கள். "என்ன நாப்பத்தி மூணு?" என்று ஒருவர் கேட்டார். பூங்கொடி விழித்தாள். "சார், டிரேயில முடிஞ்ச பீசு," என்றாள் மாரம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அவர் அதை அட்டையில் எழுதிக்கொண்டு போனார். சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் கேண்டீன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

இன்னும் சில விதைகள் முளைத்து மொத்தம் ஐம்பத்திரண்டு நாற்றானது. நான்கைந்து இலை விட்டதும் ஒரு மாலைநேரம் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நாற்பத்தைந்தைப் பாத்தியில் நட்டார்கள். மிச்சத்தைத் தட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். திம்மப்பன் யூரியாவை ஒரு கை வீசலாம் என்றான். "வேர் புடிக்கிறதுக்குள்ள போட்டா கருகிப்போவும்" என்று மாரம்மா தடுத்தாள். இருபது நாள் கழித்து, கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, செடியின் தூரைச் சுற்றி ஊற்றினாள். நாற்றம் தெருமுனை வரை அடித்தது. ஒரு வாரத்தில் இலையெல்லாம் நீலம் கலந்த பச்சைக்கு மாறி, ஓரம் சுருளத் தொடங்கியது. பொட்டலத்துப் படத்தில் இருந்த அதே சுருள். மாரம்மா ஒவ்வொரு இலையாகத் திருப்பி, அடியில் ஒட்டிய பச்சைப் புழுக்களைப் பொறுக்கினாள்.

மார்கழி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி இன்னும் விலகாத காலையில், பக்கத்து மனைக்கு ஜல்லி ஏற்றிக்கொண்டு ஒரு டிப்பர் லாரி வந்தது. பக்கத்து மனையில் அஸ்திவாரக் குழி வெட்டியிருந்ததால் லாரியைத் திருப்ப இடமில்லை. டிரைவர் பின்னோக்கி வந்தார். பின்சக்கரம் மாரம்மாவின் வரப்பில் ஏறியது.

மாரம்மா குடத்தோடு குழாயடியில் நின்றிருந்தாள். குடம் கீழே விழுந்தது. அவள் ஓடினாள். பாத்தியில் புழு பொறுக்கிக்கொண்டிருந்த பூங்கொடி எழுந்து, இரண்டு கையையும் விரித்து லாரிக்குப் பின்னால் நின்றாள்.

"பூங்கொடி, தள்ளு! தள்ளி வா!" என்று கத்திக்கொண்டே மாரம்மா லாரியின் பக்கவாட்டுத் தகரத்தைப் படபடவென்று அடித்தாள். வண்டி எண் கர்நாடகம். "நில்ஸி அண்ணா, நில்ஸி! கிட இதே!"

செடி இருக்கிறது நிறுத்து என்று கன்னடத்தில் அலறிய சத்தம் டிரைவருக்கு எட்டியது. லாரி குலுங்கி நின்றது. சக்கரத்துக்கும் பூங்கொடிக்கும் நடுவே ஆறடி தூரம்கூட இல்லை. மாரம்மா அவளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டு, அதே மூச்சில் திட்டினாள். "அறிவு இருக்குதா உனக்கு? கேலு போனா போவுது!"

டிரைவர் இறங்கிவந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். கட்டட மேஸ்திரி பொன்னுசாமி ஓடிவந்தார்.

"காலி மனைன்னு நெனச்சிட்டோம்மா."

மாரம்மாவுக்கு மூச்சு இரைத்தது. "காலி இல்லங்க," என்றாள். "இது என் பேர்ல இருக்குது. இதுல கேல் இருக்குது."

சொன்ன பிறகுதான் அவள் எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரிந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. பொன்னுசாமி இரண்டடி பின்வாங்கி, வரப்பின் மேலிருந்து காலை எடுத்தார். டிரைவர் லாரியை அங்குலம் அங்குலமாக முன்னால் எடுத்தார். பிறகு யாரும் கேட்காமலேயே மண்வெட்டியை வாங்கி, சிந்திய ஜல்லியைப் பாத்தியிலிருந்து அள்ளிப்போட்டார். பதினொரு செடி நசுங்கியிருந்தது. வேர் அறாத ஐந்தை மறுபடி ஊன்றி மண் அணைத்தார்கள். ஆறு இடத்தில் தட்டில் மிச்சமிருந்த நாற்றை நட்டு, தென்னையோலைத் துண்டால் நிழல் கட்டினார்கள். மேஸ்திரி அன்று மாலையே மனையைச் சுற்றிக் கல் ஊன்றிக் கம்பி இழுத்துத் தந்தார்.

பதினைந்து நாளில் செடிகள் முழங்கால் உயரம் வந்தன. சக்கரம் ஏறிய பாத்தி கொஞ்சம் பிந்தியது, அவ்வளவுதான். பொங்கலுக்கு முந்தின வாரம், முதல் அறுவடைக்குப் பூங்கொடி விடியற்காலையிலேயே வந்துவிட்டாள். பனியில் இலைச் சுருள்களெல்லாம் நீர்மணி கோத்திருந்தன.

"அடியிலேந்து ஒடி. நடுக்குருத்த தொடாத. அது இருந்தா வந்துக்கினே இருக்கும்," என்றாள் மாரம்மா.

முதல் இலையை ஒடித்தபோது காம்பு 'டக்'கென்று முறிந்தது. மாரம்மா அதைப் பச்சையாகவே கடித்தாள். பூங்கொடி அவள் வாயையே பார்த்தாள்.

"சொல்லுக்கா!"

"கொஞ்சம் கசக்குது. அப்புறம்..." மென்றாள். "அப்புறம் இனிக்குது பூங்கொடி! நெசமா!"

பூங்கொடியும் கடித்தாள். இருவரும் கன்றுக்குட்டி மாதிரி அங்கேயே ஆளுக்கு ஓர் இலையைத் தின்று தீர்த்தார்கள். பருப்பில் போட்டுக் கடைந்து களிக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்றாள் மாரம்மா. தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல்தான் என்றாள் பூங்கொடி. முடிவாகவில்லை. கூடை நிரம்பி, சேலைத் தலைப்பு நிரம்பி, திம்மப்பனின் துண்டும் நிரம்பியது.

அப்போதுதான் கம்பெனி பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. நேரம் போனதே தெரியவில்லை. நிறுத்தத்துக்கு ஓட முடியாது. மாரம்மா கம்பிவேலி ஓரம் நின்று கூடையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். பஸ் அங்கேயே நின்றது. ஜன்னலெல்லாம் திறந்தன. ஆறாவது லைன் முழுக்க அதில்தான் இருந்தது.

"இதானா உங்க நாப்பத்தி மூணு?"

"எனக்கு ஒரு கட்டுக்கா!"

"எனக்கும்! எப்பிடி ஆக்குறது, அதையும் சொல்லு!"

ஜன்னல் ஜன்னலாகக் கைகள் நீண்டன. பூங்கொடி ஓடி ஓடிக் கொடுத்தாள். சாலையில் ஈரம் சொட்டியது. பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. டிரைவர் கதவைத் திறந்து, "ஏறுங்கம்மா, லேட்டாவுது," என்று அதட்டினார்.

மாரம்மா வெறுங்கூடையோடு படியில் காலை வைத்தாள்.

"இரும்மா," என்றார் டிரைவர். "எனக்கு எங்க?"

மாரம்மா படியிலிருந்து குதித்து மறுபடி பாத்திக்கு ஓடினாள்.