பச்சை காட்டும் சாவி

இருபத்தேழாம் எண் சாவி பொய் சொல்லியிருந்தது. சோதித்துப் பார்க்க வாங்கியிருந்த பல் டாக்டர் போனில் அப்படித்தான் சொன்னார்.

"பூட்டியாச்சுன்னு பச்சை காட்டுச்சு தம்பி. நானும் நம்பி வீட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்து பாத்தா, கிளினிக் கதவு ஆன்னு வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது."

"ஏதாவது காணாமப் போச்சா மேடம்?"

"என் கிளினிக்ல யாரு திருட வருவா? வைத்தியத்துக்கு வரவே பயப்படுறாங்க. போனது ஒண்ணும் இல்ல. ஆனா ராத்திரி பூரா நிம்மதியாத் தூங்கினேன் பாருங்க, அதை நினைச்சாத்தான் கோவம் கோவமா வருது."

அன்று புதன்கிழமை. திங்கட்கிழமை கண்காட்சி. புதுப் பொருள் செய்கிறவர்கள் கூடும் இடம். எங்கள் மேசைக்குப் பக்கத்து மேசை, தண்ணீர் குடிக்காவிட்டால் திட்டும் பாட்டிலுக்கு என்று சொல்லியிருந்தார்கள். எதிர் மேசை, மழை வருவதற்கு அரைமணி முன்னால் நடுங்கும் குடைக்கு. எங்கள் முந்நூறு பெட்டிகளும் சுவரோரம் அடுக்கித் தயாராக இருந்தன.

நாங்கள் செய்வது சாவி அல்ல. சாவிக்குத் தொப்பி. எந்த வீட்டுச் சாவியின் தலையிலும் மாட்டிக்கொள்ளலாம். நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சன்னல். பூட்டினால் பச்சை, திறந்தால் சிவப்பு. பேட்டரி கிடையாது, போனில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. சாவியைத் திருப்பும்போது கை கொடுக்கும் அழுத்தத்தில் உள்ளே ஒரு சின்னத் தட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். அவ்வளவுதான். பாதி வழியில் 'பூட்டினோமா?' என்று வந்தால் பையிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். திரும்பிப் போக வேண்டாம்.

என் மனைவி திரும்பிப் போகிறவள்.

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது அவள் வேலை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சரிபார்க்கிறவளுக்குத் தன் கண்மேல் நம்பிக்கை இல்லை. கதவை இழுத்துப் பார்த்தால் அவளுக்குப் போதாது. திறந்து மறுபடி பூட்டினால்தான் மனசு ஆறும். சாதாரண நாளில் இரண்டு தடவை. அவசரமான நாளில் நான்கு. அதற்கு மேலும் பஸ் நிறுத்தத்திலிருந்து போன் வரும்.

"ஏங்க, நான் பூட்டினேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உனக்கு முன்னாடியே கிளம்பிட்டேனே."

"சும்மா, பூட்டினேன்னு சொல்லுங்களேன்."

பூட்டினாய் என்பேன். வைத்துவிடுவாள். இந்தப் போன்தான் தொப்பியின் ஆரம்பம். வேறு ஆராய்ச்சி எதுவும் இல்லை.

முதல் தொப்பியை ஒரு திங்கட்கிழமை காலை அவள் சாவியில் மாட்டிக் கொடுத்தேன். "இந்தப் பொம்மையை நம்பி வீட்டை விடணுமாக்கும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "டிக் டிக்குன்னு பேனா மாதிரி சத்தம் போடுது" என்றாள். தொப்பியைப் பற்றி அவள் சொன்னது அது மட்டும்தான். வியாழக்கிழமை காலை படிக்கட்டில் விழுந்தாள்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. அவள் கிடந்தது முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில். மழைச் சாரல் அடித்துப் படி ஈரமாக இருந்தது. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அன்று வீடு முழுக்கக் கூட்டம். அவள் தம்பி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டே சொன்னான்: "அக்கா பூட்டைப் பாக்கத் திரும்ப ஓடி ஏறியிருப்பா." எல்லோரும் தலையாட்டினார்கள். அவளைத் தெரிந்த யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை.

எனக்கும் இல்லை. எனக்கு இருந்தது வேறு ஒன்று. பூட்டிய பிறகும் என் தொப்பி சிவப்பு காட்டியதா? காட்டியிருந்தால் அவளை மேலே ஏற வைத்தது நான்.

மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் கைக்கடிகாரம், தோடு, சாவி மூன்றையும் போட்டுக் கொடுத்தார்கள். அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பத்து மாதம் ஆயிற்று. பிரிக்கவில்லை. சன்னலில் என்ன நிறம் என்று பார்க்கவில்லை.

பட்டறை மட்டும் நடந்தது. நாங்கள் மூன்று பேர். விற்பனை, அவள் தம்பி. இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான், ஏன் என்று நான் கேட்கவில்லை. அச்சும் வார்ப்பும் அரைமில்லி. எதைக் காட்டினாலும் அரை மில்லிமீட்டர் குறை சொல்கிற பெண். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

பல் டாக்டரின் கிளினிக்குக்கு நானும் அரைமில்லியும் போனோம். வாயில் பஞ்சோடு ஒருவர் நாற்காலியில் காத்திருந்தார். டாக்டர் அவரை அப்படியே விட்டுவிட்டு எங்களிடம் வந்தார்.

"காட்டுங்க மேடம். எப்படிப் பூட்டுவீங்க?"

பூட்டினார். பச்சை. திறந்தார். சிவப்பு. பத்துத் தடவை செய்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அரைமில்லி.

"நல்லா இருந்தா நான் ஏம்மா கூப்பிடுறேன்? என்னைப் பாத்தா பொழுதுபோகாத ஆள் மாதிரியா தெரியுது?"

பஞ்சு வைத்தவர் "ம்ம்ம்" என்று அவசரமாகத் தலையாட்டினார்.

டாக்டர் கடைசியாகத் திறந்த சாவியைக் கைப்பையில் போட்டார். பையின் வாய் டப்பென்று தானாக மூடிக்கொண்டது. அரைமில்லி அந்தப் பையையே பார்த்தாள்.

"மேடம், அதைத் திரும்ப எடுங்க."

எடுத்தார். கதவு திறந்துதான் இருந்தது. சாவி பச்சை காட்டியது.

பையின் வாயில் காந்தம். எங்கள் தட்டைப் பிடித்து வைத்திருப்பதும் காந்தம். பெரியது சின்னதை இழுத்துவிட்டது. பூட்ட மறந்து பையில் போட்டாலும் பச்சைதான் காட்டும்.

பட்டறைக்குத் திரும்பினோம். காந்தம் போட ஒப்புக்கொண்டது நான். முதலில் அங்கே காந்தம் இல்லை. வளைத்த கம்பி ஒன்று இருந்தது, சாயும்போது டிக் என்று பிடித்துக்கொள்ளும். "சத்தம் மலிவா இருக்கு மாமா, சத்தமே இல்லாம இருந்தா பெரிய கம்பெனிப் பொருள் மாதிரி இருக்கும்" என்று மச்சான் ஒரு நாள் சொன்னான். உடனே சரி என்றேன். அவன் மேலும் நான்கு காரணம் வைத்திருந்தான், கேட்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் வேண்டாம். பழைய தொப்பிகளையெல்லாம் நானே பிரித்துப் போட்டேன்.

பட்டறையில் மச்சான் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பை வச்சிருக்கவங்க பாதிப் பேர்கிட்ட காந்தப் பைதானே மாமா இருக்கும்?"

"பையோட வந்தா விக்க மாட்டோம்னு போர்டு வை, சேல்ஸ்" என்றாள் அரைமில்லி.

"ஏய், நான் வயித்தெரிச்சல்ல இருக்கேன்."

"நானும்தான். திரும்பக் கம்பிதான் போடணும். நாளைக்குள்ள அளவு கிடைச்சா, ஞாயித்துக்கிழமைக்குள்ள முந்நூறும் மாத்திடலாம். அண்ணா, கம்பியோட வளைவு என்ன?"

படம் இருந்தது. படத்தில் எல்லாம் இருந்தது, அந்த வளைவு மட்டும் இல்லை. அதைக் குறடால் கையில் வளைத்து, சரியாக வரும்வரை வளைத்து, அப்படியே விட்டுவிட்டேன். அளந்து எழுதவில்லை.

"பழைய தொப்பி ஒண்ணாவது மிச்சம் இருக்கா? ஒண்ணாம் நம்பர்..." அரைமில்லி பாதியில் நிறுத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மச்சான் என்னைப் பார்த்தான். "வீட்ல இருக்கா மாமா?"

"இருக்கு."

"நான் போய் எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம்."

வீட்டுக்குப் போனேன். நண்பகல். படியேறும்போது அவள் கிடந்த இடத்தில் நான் நிற்பதில்லை, அன்றும் நிற்கவில்லை. உறையை எடுத்து, பார்க்காமலே ஒரு துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். அரைமில்லியின் மேசையில் வைத்தேன்.

"நீ பிரி."

"அண்ணா, வேணும்னா வேற வழி..."

"பிரி. நிறத்தைச் சொல்லு."

நான் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துணி விலகும் சத்தம். பிளாஸ்டிக் சத்தம்.

"பச்சை" என்றாள்.

மச்சான் ஏதோ சொல்ல வந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "தட்டிப் பாரு."

மேசையில் தட்டினாள். பச்சை. உலுக்கினாள். பச்சை. பெரிய காந்தம் ஒன்றைப் பக்கத்தில் கொண்டு போனாள். அசையவில்லை. பத்து மாதம் அது ஒரே பேச்சாக இருந்திருக்கிறது. அன்று நான் போய்ப் பார்த்தபோது வீட்டுக் கதவு பூட்டித்தான் இருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பின்மூடியைக் கழட்டுறேன். திருப்ப மாட்டேன்" என்றாள். யாரிடம் சொன்னாளோ. சின்ன திருப்புளி எடுத்தாள். மூடி வந்ததும், "ஐயோ, இது இதுல இருக்கா!" என்றாள்.

"எது?" என்றான் மச்சான்.

"எண்ணுற சக்கரம். எத்தனை தடவை பூட்டினா கம்பி தேயும்னு பாக்க ஒண்ணாம் நம்பர்ல மட்டும் வச்சோம். ஒரு தடவை பூட்டினா ஒரு பல் நகரும். எண்ணெல்லாம் நான்தான் எழுதி ஒட்டினேன். மறந்தே போச்சு."

நானும் மறந்திருந்தேன். திங்கட்கிழமை காலை, அவளிடம் கொடுக்கும் முன் அதைப் பூஜ்யத்தில் வைத்தது இப்போது ஞாபகம் வந்தது.

"எத்தனை?"

லென்ஸை இழுத்து வைத்துப் பார்த்தாள். "நாலு."

"சரியாப் பாரு."

"நாலுதான் அண்ணா. நீங்களே பாருங்க."

பார்த்தேன். அரைமில்லியின் கோணல் எழுத்தில் நான்கு.

மச்சான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நாலுன்னா நல்லதா கெட்டதா? யாராவது சொல்லித் தொலைங்களேன்."

"திங்கள், செவ்வாய், புதன், வியாழன்" என்றேன். "காலையில கிளம்பும்போது ஒரு தடவை. சாயங்காலம் உள்ள தாழ்ப்பாள்தான், சாவி போட மாட்டோம். நாலு நாள், நாலு தடவை."

"திரும்பிப் போனா?"

"போனா திறந்து பூட்டாம விடுவாளா? எண் கூடியிருக்கும்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஒரு தடவைகூடத் திரும்பிப் போகலையா? எங்கக்காவா? சினிமாவுக்குப் போனா இடைவேளையில வீட்டுக்கு ஓடுவாளே மாமா!"

"ஆமா."

"அப்போ அன்னைக்கு..." அவன் குரல் இறங்கியது. "அன்னைக்கு மட்டும் ஏறியிருந்தா? பூட்டுகிட்ட போய்ச் சேரும் முன்னாடியே..."

அதை நானும் நினைத்தேன். நான்கு என்று கேட்டதுமே நினைத்தேன்.

"பச்சை காட்டுது மச்சான். மூணு நாள் பச்சையை நம்பிப் போனவ, நாலாம் நாள் பச்சையைப் பாத்துட்டு ஏன் ஏறணும்? இன்னொண்ணு. அந்த வாரம் பஸ் ஸ்டாப்லேர்ந்து ஒரு போன்கூட வரலை. தொப்பி பிடிக்கலை, கோவம்னு நினைச்சேன்."

"கோவம் இல்ல" என்றான்.

"இல்ல."

கேட்க வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. அவ்வளவுதான். நான் செய்த பொம்மையை நம்பியிருக்கிறாள், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. பேனா மாதிரி என்று சொல்லிவிட்டாள்.

அவள் ஏறிக்கொண்டிருக்கவில்லை. இறங்கிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரையும் போல இறங்கிக்கொண்டிருந்தாள். படி ஈரமாக இருந்தது.

மச்சான் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். "நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன் மாமா. ஓடி ஏறியிருப்பான்னு. அம்மா இன்னும் அதையே சொல்லிச் சொல்லி அழுறாங்க. பொண்ணோட சந்தேகமே அவளைக் கொன்னுருச்சுன்னு."

"போன் பண்ணிச் சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"நாலுன்னு சொல்லு. விளக்கிச் சொல்லு. நல்லா விக்கத் தெரியும்ல உனக்கு."

அவன் சிரித்துக்கொண்டே அழுதான். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். "அம்மா, ஒண்ணும் பயப்படாத, உக்காந்துட்டியா?" என்று ஆரம்பிப்பது கேட்டது.

அரைமில்லி கம்பியைப் படம் எடுத்தாள். பிறகு கருவியால் பிடித்து மூன்று தடவை அளந்தாள். "உங்க கை அரை மில்லி தப்பா வளைச்சிருக்கு அண்ணா" என்றாள். "அந்தத் தப்புதான் சரியாப் பிடிக்குது."

பெட்டிகளுக்குப் போடும் குமிழ்த்தாள் ஒரு மூலையில் சுருட்டிக் கிடந்தது. கொஞ்ச நேரம் சாயலாம் என்று அதில் தலை வைத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. பத்து மாதத்தில் பகலில் நான் தூங்கியதில்லை. இரவில் தூங்கியதையும் தூக்கம் என்று சொல்ல முடியாது.

டிக்.

கண் விழித்தபோது சன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. என் கன்னத்தில் குமிழ்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. மேசையில் பத்துத் தொப்பிகள் புதுக் கம்பியோடு இருந்தன. அரைமில்லி ஒவ்வொன்றையும் ஒரு சாவியில் மாட்டித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிக், பச்சை. டிக், சிவப்பு. எதிரே பல் டாக்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

"எழுந்தாச்சா தம்பி? குறட்டையில கிளினிக் டிரில்லே தோத்துரும்" என்றார். கையில் இருந்த தொப்பியைத் திருப்பினார், பைக்குள் போட்டார், டப்பென்று மூடினார், எடுத்தார். நிறம் மாறவில்லை. இன்னொரு முறை செய்தார். "சத்தம் போடுது. நல்லது. காதுலயும் விழுந்தா ரெட்டை நம்பிக்கை."

"மலிவா இருக்கா மேடம் சத்தம்?" என்று மச்சான் கேட்டான்.

"மலிவா? எனக்கு ராத்திரி தூக்கம் வரும்ல, அது போதும்."

டிக். டிக். எந்தச் சத்தம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேனோ, அதே சத்தம். பேனா மாதிரிதான் இருந்தது. அவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

ஒன்றாம் எண் மேசையின் ஓரத்தில், மூடி போட்டு, பச்சை காட்டியபடி இருந்தது. அதை யாரும் திருப்பவில்லை. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாற்காலியை இழுத்து அரைமில்லியின் எதிரில் உட்கார்ந்தேன்.

"இன்னும் எத்தனை மாத்தணும்?"

"இருநூத்துத் தொண்ணூறு."

"பாதியை இந்தப் பக்கம் தள்ளு" என்றேன்.