தார் நின்ற இடம்

“அம்மா, நம்ம கேட்டோட ரோடு முடிஞ்சுபோச்சே. ஃபெஸ்டி இனிமே எப்படி வீட்டுக்குப் போவாரு?”

சோர்கா இதைக் கேட்டபோது புதுத் தாரின் சூடுகூட ஆறவில்லை. அவளுக்கு அப்போது ஏழு வயது.

“எப்பவும் போலதான் போவாரு. செருப்புல தார் ஒட்டப்போகுது, உள்ள வா,” என்றாள் டிம்ப்னா. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

அயர்லாந்தின் மேயோ மலைச்சரிவில் பெரிய சாலையிலிருந்து ஏறும் அந்தச் சந்துப்பாதையில் இரண்டே வீடுகள். முதலில் டிம்ப்னாவுடையது; அதற்குக் கீழே ஊர்க்காரர் சிலருடைய வயல்களும் உண்டு. டிம்ப்னா வீட்டுக்கு மேலே, தனிக்கட்டையான ஃபெஸ்டி கோயினுடையது. பாதை தனியாருக்குச் சொந்தம். ஆனாலும் அதை நம்பி விவசாயம் செய்கிறவர்கள் சேர்ந்து கேட்டால், பழுதுபார்க்க கவுன்சில் பெரும்பங்கு பணம் தரும்.

வசந்தத்தில் கவுன்சில் இன்ஜினியர் வந்தபோது ஃபெஸ்டி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய ஆடுகளை அக்கா மகன் தன் ஊருக்கு ஓட்டிப் போயிருந்தான்.

“இதுக்கு மேல யாராவது விவசாயம் பண்றாங்களா? மேல வரைக்கும் போடணும்னா இந்த வருஷப் பணம் பத்தாது. அடுத்த வருஷம்தான்,” என்றார் இன்ஜினியர்.

பள்ளிக்கூட வேன் அந்தக் குழிகளில் ஏறாது. இருமலோடு சோர்கா தினமும் மழையில் நனைந்தபடி கீழே நடந்துகொண்டிருந்தாள்.

“மேல என்ன இருக்கு? எங்க நிலம் ஒண்ணு கோரை மண்டிக் கிடக்கு. ஒரு ஆடுகூட இல்ல,” என்றாள் டிம்ப்னா.

அன்றைக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டபோதும் அதைத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஃபெஸ்டி அந்தப் பாதைக்குச் செய்தது அவளுக்குத் தெரியும். உறைபனி விழுந்த காலைகளில் அவள் கார் எடுக்கும் முன்பே, அவள் கேட்டுக்குக் கீழுள்ள சரிவில் அடுப்புச் சாம்பல் தூவியிருக்கும். தூவிய ஆளை ஒரு நாளும் பார்த்ததில்லை. சோர்கா பிறக்க இருந்த காலையில் ஆம்புலன்ஸ் வழுக்காமல் ஏறியதும் அந்தச் சாம்பல் மேல்தான். ஒரு தடவை நன்றி சொல்லப் போனாள். “அடுப்பைக் கூட்டினா எங்கயாவது கொட்டணும்ல,” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அக்டோபரில் அவர் வீடு திரும்பினார். டிம்ப்னா சோடா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

“உன் வாசல் வரைக்கும் கண்ணாடி மாதிரி போட்டிருக்கான், பொண்ணே. டாக்சிக்காரன் பாட்டுப் பாடிக்கிட்டே வந்தான். உன் கேட்டைத் தாண்டினதும் சிலுவை போட்டுக்கிட்டான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “கால் எப்படி இருக்கு?”

“புண் ஆறல. நர்ஸ் வந்து கட்டு மாத்துறா. பனி உறைஞ்சா காரை மேல ஏத்தமாட்டேன்னுட்டா. அவ வரலேன்னா முதியோர் இல்லம்தான்னு அக்கா மகன் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து சொல்றான்.” அவர் ரொட்டியைப் பிட்டார். “கவுன்சில்ல கேட்டுப் பார்த்தேன். ஒருத்தன் மட்டும் இருக்கிற பாதைக்குப் பணம் கிடையாதாம். ரெண்டு பேராவது விவசாயம் பண்ணணுமாம். இந்த வயசுல நான் எங்க போயி ரெண்டு ஆளாகுறது?”

அவர் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை அவள் இன்ஜினியருக்குப் போன் செய்தாள்.

“போன தடவை உங்ககிட்ட ஒண்ணை மறைச்சேன். மேல ஃபெஸ்டி கோயின் இருக்காரு. ஆஸ்பத்திரியில இருந்தாரு. ஆடுங்க இந்த வாரம் திரும்பி வருது.”

“சரிம்மா. ரெண்டாவது ஆள்?”

“நான்தான்.”

“கோரைன்னு சொன்னீங்களே.”

“வெட்டிடுவேன்.”

“வெட்டி, ஆட்டை விடுங்க. வந்து பார்க்கிறேன். எப்படியும் அடுத்த கோடைக்கு முன்னால ஆகாது.”

அவள் கணவன் கார்மக்கின் வாய் சும்மா இருக்கவில்லை. “அந்தச் சேத்துலயா? ஆடுங்க உன்மேல கேஸ் போடும்.” சொல்லிவிட்டு, தானே ஒரு அரிவாளைத் தீட்டி எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தான். கோரை வெட்டி முடிந்ததும் தங்கள் ஆடுகளில் ஒரு பங்கை மேலே ஓட்டிவிட்டார்கள். அந்தக் கரடுமுரடான பாதையில் தினமும் தீனி சுமப்பது டிம்ப்னாவின் வேலையாயிற்று. கூலியாள் வைக்கலாம் என்று கார்மக் சொன்னான். அவள் கேட்கவில்லை.

கோடைக்கு நாள் இருந்தது. பனி காத்திருக்கவில்லை.

நர்ஸ் வரவேண்டிய ஒரு காலையில் புல் வெள்ளையாக விறைத்து நின்றது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிம்ப்னா அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிக்கொண்டு, தார் முடிகிற இடத்திலிருந்து தூவத் தொடங்கினாள். குழிகளின் விளிம்பில் கொஞ்சம் கூடுதலாகத் தூவினாள். சரிவில் ஒரு தடவை வழுக்கி முழங்கால் சிராய்த்தது. இரண்டாவது வாளிக்காகத் திரும்பி வந்து, மறுபடி ஏறினாள். ஃபெஸ்டியின் வாசற்கல்வரை தூவி முடித்தபோது ஜன்னல் இன்னும் இருட்டாகவே இருந்தது. நாய் மட்டும் வாலை ஆட்டியது.

அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கையில், நர்ஸின் கார் கேட்டருகே வேகம் குறைத்தது. ஒரு கணம் நின்றது. பிறகு கியர் மாற்றி, மேலே ஏறிப் போயிற்று.