தொட்டால் மட்டும் ஓடிய போர்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் கோழைத்தனத்திலிருந்து. கற்பனை என்று சொல்லித் தப்பிக்க ஆசைதான். முடியவில்லை.

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்..."

[வேண்டாம். கதை நடக்கும் சோதனை அறைக்கு ஜன்னலே கிடையாது.]

இரண்டாவது: "மைக்ரோகன்ட்ரோலர் என்பது விரல் நகத்தளவு சிப். மின்சாரம் கொடுத்ததும் அது கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால்..."

[பாடப்புத்தக வாடை அடிக்கிறது. இருக்கட்டும். இது தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.]

2

அக்கா எங்கள் கம்பெனியின் சோதனைப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. அங்கே எல்லோருக்கும் அக்கா. தண்ணீர் மோட்டாரை இயக்கும், அந்தச் சிப் பொருத்திய மின்சுற்றுப் போர்டுகளை நான் வடிவமைப்பேன். அவர் ஒவ்வொன்றிலும் கிரிஸ்டல்* மீது சோதனை முனையை வைத்து, திரையில் அலை தெரிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

(* சிப்புக்குத் தாளம் போடும் சின்ன உலோகப் பெட்டி. தாளம் இல்லாவிட்டால் சிப் கிளம்பாது.)

ஒருநாள் என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, இந்தப் புது போர்டு ஒரு மாதிரியா இருக்கு. முனைய வெச்சுக்கிட்டு கரண்ட் குடுத்தா கிளம்புது. வெக்காம குடுத்தா சும்மா கெடக்குது."

"உங்க கைராசிக்கா."

"விளையாடாதீங்க. என்னன்னு எழுதட்டும்?"

"ஓடுதுல்ல? ஓடுதுன்னு எழுதுங்க."

எழுதினார். இருநூறு போர்டுகள் போயின. வாங்கியவர்களிடம் ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

3

புகார் வந்த அன்றே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் இரண்டு மின்தேக்கிகள் உண்டு. என் வரைபடத்தில் அவற்றின் மதிப்பைக் குறைத்துப் போட்டிருந்தேன். சோதனை முனைக்கும் கொஞ்சம் மின்தேக்கும் தன்மை உண்டு; அந்தக் குறையை அக்காவின் முனை ஈடுகட்டிக்கொண்டிருந்தது. அவர் தொட்டதால்தான் ஓடியது.

[இங்கே முனையையும் மனித உறவுகளையும் ஒப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. படிக்கக் கூசியது. அடித்துவிட்டேன்.]

விசாரணையில் மேலாளர் கேட்டார்: "சோதிக்காமலே கையெழுத்து போட்டீங்களா?"

"சோதிச்சேன் சார். சந்தேகம்னு தம்பிகிட்டயும் சொன்னேன்."

"சொன்னாங்களா?" என்று மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் உள்ளதைச் சொல்வேன் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"ஞாபகமில்ல சார்."

அப்போதுதான் பார்த்தார்.

அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை மின்தேக்கியின் மதிப்பைச் சத்தமில்லாமல் மாற்றினேன். போர்டுகள் ஓடின. புதிதாக வந்தவர் எவ்வளவு கவனமாகச் சோதிக்கிறார் என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் தலையாட்டினேன்.

4

போன வாரம் அக்கா போன் செய்தார்.

"வேற எடத்துல வேலை கெடைக்கிற மாதிரி இருக்கு தம்பி. ஆனா நம்ம கம்பெனில விசாரிச்சா, சோதிக்காம கையெழுத்து போட்டவங்கன்னு சொல்றாங்களாம். நடந்தத ஒரு வரி எழுதி அந்தப் புது எடத்துக்கு அனுப்புங்க. அடுத்த வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள."

திட்டவில்லை. திட்டியிருந்தால் போனை வைத்திருப்பேன்.

"எழுதறேன்க்கா" என்றேன். உட்கார்ந்தேன். கடிதம் வரவில்லை, இந்தக் கதை வந்தது. இதோடு மூன்று முடிவுகளும் வந்தன.

முதல் முடிவு: உண்மையை எழுதிக் கொடுத்து, வேலையை விட்டுத் தலைநிமிர்ந்து வெளியேறுகிறேன். [யார் காதில் பூச்சுற்ற?]

இரண்டாவது: அக்கா எல்லோர் முன்னாலும் என்னை அறைகிறார். [எனக்குப் பிடித்தது இதுதான். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை.]

மூன்றாவது: ஐந்து மணி ஆகிறது. அக்கா...

5

இன்று வெள்ளிக்கிழமை. மணி நாலரை.

முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன் என்று சொல்வதுதான் இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். விட மாட்டேன். விட்டால் நீங்கள் அந்த ஒரு வரியை எழுதிவிடுவீர்கள்.

இரண்டாம் பகுதியில் ஒரு வாக்கியம் கொஞ்சம் இடறுகிறது. முதலில் அதைச் சரிசெய்துவிடுகிறேன்.