சந்தனம் பூசிய ஃப்ளாப்பி

பழுதான கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வருகிறவளை யாரும் வரவேற்பார்கள். பழுதாகாத கம்ப்யூட்டருக்கு வாரம் தவறாமல் வந்து, இது இன்றைக்கே செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறவளுக்கு யார் காபி கொடுப்பார்கள்? ஜெயபாரதிக்குப் பல கடைகளில் கிடைக்கவில்லை. நல்ல வாயில் நல்ல வார்த்தை வராதா என்று ஒரு மருந்துக்கடைக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்.

ஊரின் பெயர் சென்னை என்று மாறியும் பாதிக் கடைப் பலகைகள் மெட்ராஸிலேயே தங்கிவிட்ட வருஷம் அது. ஜெயபாரதி மவுண்ட் ரோட்டில் இருந்த பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு, மேற்கு மாம்பலத்தில் வீட்டு முன்னறையில் மேசை போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள். சின்னக் கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது, அவற்றுக்குள் இருப்பதைப் பத்திரப்படுத்துவது, ஆபத்து வந்தால் மறுநாளே கடை நடக்க வழி செய்வது. இதெல்லாம் ஒரு தொழிலா என்று அவள் அண்ணன் கேட்டான். ஆமாம் என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே ஜெயித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அவளிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. கம்ப்யூட்டரில் இருப்பதை ஃப்ளாப்பிகளில் நகல் எடுப்பது எல்லோரும் செய்வதுதான். எடுத்த நகலைக் கம்ப்யூட்டரின் தலைமேலேயே வைத்தால் கடை முழுகும்போது அசலும் நகலும் கைகோத்துக்கொண்டு முழுகும். ஆகவே ஒரு கடையின் நகல் வேறொரு பேட்டையில் இன்னொரு கடையில் இருக்க வேண்டும், அந்தக் கடையின் நகல் இங்கே இருக்க வேண்டும் என்றாள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுபோலத்தான் இது. சம்பந்தி ஏற்பாடு என்று பெயரும் வைத்துவிட்டாள்.

தி.நகர் மெஹபூப் பாஷாவுக்கும் மயிலாப்பூர் ஸ்ரீனிவாசராகவனுக்கும் அவள் செய்து வைத்த சம்பந்தம் இருக்கிறதே, அது ஒரு தனிக் கதை.

பாஷா உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் நாட்டிய உடுப்புத் தைப்பவர். பரதம் ஆடும் பெண்ணின் விசிறி மடிப்பு அவர் கையால் தைத்தால்தான் ஒழுங்காக விரியும் என்று அடையாறு வரைக்கும் பேச்சு. ஒருமுறை ஒரு பெண்ணின் இடுப்பளவில் இன்னொரு பெண்ணுக்குத் தைத்து மேடைக்குப் பின்னால் மானம் போயிற்று. அதன் பிறகு ஜெயபாரதி சொன்னபடி எல்லா அளவுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார். ஸ்ரீனிவாசராகவன் மாடவீதிக்குப் பின்தெருவில், தன் வீட்டு மாடியில், கல்யாணத் தகவல் மையம் நடத்துகிறவர். அவர் கம்ப்யூட்டரில் ஊரார் பிள்ளைகளின் ஜாதகங்கள் கிடந்தன.

அந்த ஜாதகங்கள் ஒரு தையல்கடைக்குப் போவதாவது! ஸ்ரீனிவாசராகவன் மூன்று மாதம் பிடிகொடுக்கவில்லை. யாருக்குச் செவ்வாய் தோஷம், யாருக்கு மூலம், யாருடைய வயது குறைத்துச் சொல்லப்பட்டது என்பதெல்லாம் குடும்ப ரகசியம் என்றார். அதற்குத்தான் கடவுச்சொல் என்றாள் ஜெயபாரதி. உரியவர் தவிர யாரும் திறக்க முடியாது, அவளே நினைத்தாலும் முடியாது. போதாக்குறைக்கு உறையில் போட்டு அரக்கு முத்திரை வேறு வைத்துக் காட்டினாள். அரக்கைப் பார்த்ததும்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் உறை மாற்ற வேண்டும். காலையில் போனால் இங்கே ராகு காலம், மதியம் போனால் அங்கே ஜும்மா தொழுகை. இரண்டுக்கும் தப்பி அவள் மாலையில் அலைந்தாள். ஆடி மாதத்தில் ஒத்திகை வேறு நடத்தினாள். பாஷாவின் கடை எரிந்துவிட்டதாகப் பாவனை. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், அடுத்து அவளுக்குப் போன், அடுத்து சம்பந்தி வீடு. பாஷா சிரித்துக்கொண்டே மயிலாப்பூர் போய், உறையை வாங்கி, மோர் குடித்துத் திரும்பினார்.

"பாய், உங்க கடையே முங்கினாலும் உங்க அளவு முங்காது. இது என் வார்த்தை" என்று அன்றைக்கு எல்லோர் முன்னிலும் சொன்னாள் ஜெயபாரதி.

வாயைக் கொடுத்தால் வினை வராமல் இருக்குமா? ஐப்பசிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு ஒரு வாரம் பெய்து, சரஸ்வதி பூஜையன்று விடியற்காலையில் கொட்டித் தீர்த்தது. ரோடு போடப் போட ரோடு உயர்ந்து, கடைகள் எல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்ட சந்து அது. சாக்கடையும் மழையும் ஒன்றாகக் கடைக்குள் ஏறின. வெட்டுமேசைக்கு இடம் வேண்டும் என்று பாஷா கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் வைத்திருந்தார். மேலே வை மேலே வை என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

அவர் போன் செய்தபோது அவள் பூஜைக்குப் பொரி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மெயினை அணைத்துவிட்டாராம். துணி பரண்மேல் இருந்ததால் தப்பித்ததாம். பெட்டி முழுகிவிட்டதாம். விசாலாக்ஷி டீச்சரின் நாட்டியப் பள்ளிப் பெண்கள் நாற்பது பேர் டெல்லிக்கு ஆடப் போகிறார்கள். அந்த நாற்பது பேரின் அளவும் பெட்டிக்குள்தான் இருந்தது. மறுபடி அளவெடுக்கலாம் என்றால் பெண்கள் எல்லோரும் பூஜை விடுமுறைக்கு ஊர் ஊராகப் போய்விட்டார்கள், ரயிலேறும் சமயத்தில்தான் வருவார்கள். நாளைக்குத் துணியை வெட்டாவிட்டால் தைத்து முடிக்க வழியே இல்லை. பாஷாவின் குரல் உடைந்திருந்தது. இந்த ஒரு ஆர்டரோடு அவர் பேர் நிற்கும் அல்லது போகும்.

நேரே மயிலாப்பூர் வந்துவிடுங்கள் என்று சொல்லி, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு பி பஸ்ஸில் ஏறினாள் ஜெயபாரதி. பயமே இல்லை. இன்னும் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வெள்ளிக்கிழமை அலைந்தோம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை நினைத்து அன்றைக்கே வெட்கப்பட நேர்ந்தது.

மாடிப்படியில் பாஷாவும் அவளும் சேர்ந்தே ஏறினார்கள். அவர் தலை முதல் கால் வரை நனைந்து, நெஞ்சோடு ஒரு கையை அணைத்தபடி வந்தார். கூடத்தில் கொலு. கொலுவுக்கு முன்னால் பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. புத்தக அடுக்கின்மேல் பட்டுத்துணி. பக்கத்தில் கம்ப்யூட்டர், திரைக்குக் கதம்ப மாலை, நெற்றியில் குங்குமம். அதற்கும் முன்னால் ஒரு மணைமேல், ஈரச் சந்தனம் அப்பிக்கொண்டு, பாஷாவின் மூன்று ஃப்ளாப்பிகள்.

ஃப்ளாப்பி என்பது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சதுரம். ஓரத்தில் ஒரு தகரக் கதவு. கதவை நகர்த்தினால் உள்ளே கறுப்புத் தகடு தெரியும். அந்தக் கதவின்மேல்தான் சரியாகச் சந்தனம் வைக்கப்பட்டிருந்தது. அது வழிந்து உள்ளே இறங்கியும் இருந்தது.

ஸ்ரீனிவாசராகவனின் மனைவி காமாக்ஷி பெருமையாகவே விளக்கினாள். உறைமேல் வைத்தால் உள்ளே இருப்பதற்கு எப்படிப் போய்ச் சேரும் என்று முத்திரையை உடைத்து வெளியே எடுத்தாளாம்.

"மத்தவா சொத்து, குறை வெக்கப்படாதுன்னு எங்காத்துதை விட ரெண்டு சொட்டு ஜாஸ்தியாவே வெச்சேன்" என்றாள்.

தீ, வெள்ளம், திருட்டு, கரையான், கரண்ட்டுக் கோளாறு என்று எல்லாவற்றையும் யோசித்த ஜெயபாரதி பக்தியை யோசிக்கவில்லை. ஊரெல்லாம் உழக்கு முதல் லாரி வரை சந்தனம் வைக்கிற நாள் இது என்று இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அண்ணன் முகம் வேறு கண்முன்னால் வந்து நின்றது.

சந்தனம் ஈரமாக இருக்கும்போதே கழுவியாக வேண்டும். இரவெல்லாம் காய்ந்தால் தகட்டோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். கை நீட்டினாள். காமாக்ஷி குறுக்கே வந்தாள். பூஜையில் வைத்ததை இன்றைக்குத் தொடக்கூடாது, நாளைக் காலையில் புனர்பூஜை ஆன பிறகுதான், கம்ப்யூட்டரையும் அப்படியே என்றாள். ஸ்ரீனிவாசராகவன் வாயைத் திறந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

பாஷா ஒன்றும் வாதாடவில்லை. சட்டைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு உறையை எடுத்தார். அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. ஸ்ரீனிவாசராகவனின் ஜாதகங்கள்.

"மாமி, மொதல்ல உங்க அமானத்த வாங்கிக்கங்க. தண்ணி உள்ள வந்ததும் இத்ததான் எடுத்தேன். நம்ம பொட்டிய தூக்கறதுக்குள்ள முங்கிப்போச்சு. பரவால்ல, நம்மளுது நம்மளோட போவும். இது நீங்க நம்பிக் குடுத்தது."

காமாக்ஷி உறையைக் கையில் வாங்கினாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவரைப் பார்த்தாள், அவர் காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தாள்.

"இன்னிக்குப் படிக்கப்படாதுன்னுதான் பெரியவா சொல்லியிருக்கா. நம்பிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப்படாதுன்னு யாரும் சொல்லலை" என்றாள் காமாக்ஷி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே போய்க் கம்ப்யூட்டரின் மாலையைக் கழற்றினாள். "எடுத்துக்கோடி ஜெயா."

அப்புறம் ஜெயபாரதியின் கைக்கு வேகம் வந்துவிட்டது. காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு தாம்பாளத்தில் வேண்டும் என்றாள். மெல்லிய திருப்புளி முனையால் ஃப்ளாப்பியின் மேலோட்டைப் பிளந்து, கறுப்புத் தகட்டை விளிம்பைப் பிடித்து எடுத்துத் தண்ணீருக்குள் விட்டாள். பாஷா பதறிப்போனார்.

"இன்னாம்மா இது? தண்ணில முங்கித்தான் நம்ம பொட்டி செத்துது. மறுபடியும் தண்ணியா?"

பெட்டிக்குள் போனது சாக்கடை, அதற்குள் ஆயிரம் நுணுக்கம் இருக்கிறது, இது பாட்டு கேசட் நாடா மாதிரி வெறும் தகடு, நல்ல தண்ணீர் இதை ஒன்றும் செய்யாது என்று விளக்கினாள். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. கண்ணை மூடி ஏதோ ஓத ஆரம்பித்தார். காமாக்ஷி அந்தப் பக்கம் சுலோகம் தொடங்கினாள். இரண்டுக்கும் நடுவில் ஜெயபாரதி தாம்பாளத்தை மெல்ல அசைத்தாள். சந்தனம் மேகம்போலக் கலைந்து வந்தது. ஸ்ரீனிவாசராகவனின் துவைத்த மல் வேட்டியில் ஒற்றி, விசிறிக் காற்றில் உலர்த்தினாள். புது ஃப்ளாப்பி ஒன்றை உடைத்து, அதன் ஓட்டுக்குள் பழைய தகட்டைப் பொருத்தினாள்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. ஃப்ளாப்பியை உள்ளே தள்ளினாள். அது கர்கர் என்று உறுமி, படிக்க முடியவில்லை என்றது.

ஜெயபாரதி அதை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தகட்டின் உள்வட்டத்தில் மஞ்சளாக ஒரு நூலிழை. விட்டேனா பார் என்று மறுபடி பிளந்தாள், மறுபடி கழுவினாள், மறுபடி உலர்த்தினாள். இந்தமுறை உறுமல் இல்லை. திரையில் கடவுச்சொல் கேட்டது.

அதைப் பார்த்து ஜெயபாரதி எழுந்து நின்று முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவளைப் பார்த்து ஸ்ரீனிவாசராகவனும் காமாக்ஷியும் திரும்பிக்கொண்டார்கள். மூன்று பேரும் கொலுவைப் பார்த்து நிற்க, பாஷா ஈரக் கையை அந்த மல் வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"வந்துடுச்சு" என்றார்.

அனன்யா, இடது தோள் கால் அங்குலம் இறக்கம். ஸ்ரீலக்ஷ்மி, இடுப்பு, முழங்கால், கணுக்கால். மற்ற இரண்டு ஃப்ளாப்பிகளையும் அப்படியே கழுவிப் போட, ஒரு பெண் விடாமல் நாற்பது பேரும் வரிசையாக வந்தார்கள். பாஷா ஒவ்வொரு பெயராகப் படித்து, ஆமா, ஆமா, இது சரி என்று சொல்லிக்கொண்டே அழுதார். பிரிண்டர் சத்தம் போட்டுக்கொண்டு காகிதத்தைத் தள்ளியது. ஜெயபாரதி அந்த நிமிஷத்தில் அழவில்லை, சிரித்தாள். வாய்விட்டு, வெட்கமே இல்லாமல், வயிறு குலுங்கச் சிரித்தாள். சொன்ன வார்த்தை நின்றுவிட்டது.

கடையில் தண்ணீர் வடியாது, தன் மாடிக் கூடத்திலேயே துணி வெட்டலாம் என்று காமாக்ஷி சொல்லிவிட்டாள். விஜயதசமியன்று தொடங்கியது விளங்காமல் போகுமா? மறுநாள் காலை புனர்பூஜை முடிந்த கையோடு கொலுவுக்கு எதிரிலேயே பட்டுத்துணி விரிந்தது. தையல்காரர்களுக்குச் சுண்டலும் மோரும் வந்துகொண்டே இருந்தன. ரயிலேறும் முன்பு பெண்கள் போட்டுப் பார்த்தபோது விசாலாக்ஷி டீச்சர் கை நிறைய ஊக்குகளோடு காத்திருந்தாள். ஒரு ஊக்குக்குக்கூட வேலை வரவில்லை.

கதையை ஊரெல்லாம் பரப்பியவர் ஸ்ரீனிவாசராகவன். அவரே தகட்டைக் கழுவியதுபோலச் சொன்னார் என்பது வேறு விஷயம். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயபாரதி போனபோது ஜாதகத்துக்கு வந்தவர்களைவிடக் கடைக்காரர்கள் அதிகமாக இருந்தார்கள். நல்ல வார்த்தை வராதா என்று கேட்ட அந்த மருந்துக்கடைக்காரரும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீனிவாசராகவன் ஒவ்வொருவரிடமும் கடை பள்ளமா மேடா, கூரை ஒழுகுமா என்று விசாரித்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து இடம் விட்டார்கள்.

பாஷா புது உறையோடு வந்திருந்தார். காமாக்ஷி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஜெயபாரதி எட்டிப் பார்த்தாள். காமாக்ஷி தன் நகைப்பெட்டியைத் திறந்து, கல்யாண வளையல்களை ஓரமாக ஒதுக்கி, நடுவில் பாஷாவின் உறையை வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் காபி போடப் போனாள்.