நஸீரா சொன்னால் கேட்பார்கள்

அந்த வேலையைத் தன்னிடம் கொடுத்தபோது ரஞ்சனாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மேலாளர் அவள். அதுவரை மக்கள் நிலையத்துக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இனி ஊழியர்களே பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் எடுத்து வர வேண்டும் என்று முதலாளிகள் முடிவு செய்திருந்தார்கள். அந்த மாற்றம் சண்டை சச்சரவில்லாமல் நடந்தேற ஒரு திட்டம் எழுதித் தரச் சொன்னார் பொது மேலாளர் அனந்தகிருஷ்ணன்.

"யார் சொன்னா மத்தவா கேப்பான்னு முதல்ல பாரு. அந்த ஆளை நம்ம பக்கம் கொண்டுவந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது" என்றார்.

ரஞ்சனா யோசிக்கவே இல்லை. நஸீராவின் பெயரை எழுதினாள்.

நஸீரா சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்து வருபவள். ரத்தம் எடுப்பவர்களில் மூத்தவள். யாருக்காவது லீவு மறுக்கப்பட்டால் அவள்தான் உள்ளே வந்து பேசுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரஞ்சனாவுக்கு அலுவலகத்திலேயே கரு கலைந்தபோது, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கணவன் சாய்நாத் வந்து சேரும்வரை கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். அதைப் பற்றி நிலையத்தில் ஒருவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

திட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. காலை ஐந்தரைக்கு முதல் வீட்டில் இருக்க வேண்டும். "டைமிங்கை இப்பவே சொன்னா ஒருத்தரும் கையெழுத்துப் போடமாட்டா. சம்மதம் வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் அனந்தகிருஷ்ணன். ரஞ்சனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, சரி சார் என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் நஸீராவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆளைக் குறைப்பாங்களா?" என்று நஸீரா நேராகக் கேட்டாள்.

"ஒருத்தரையும் அனுப்பமாட்டா. அதுக்கு நான் பொறுப்பு."

"டூட்டி டைமெல்லாம் இப்பம் மாதிரிதான?"

"அது இன்னும் முடிவாகலை."

நஸீரா தலையாட்டினாள். "நீ சொன்னா சரி. நான் எல்லார்ட்டயும் பேசுதேன்."

பேசினாள். அந்த வாரத்துக்குள் எல்லோரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து வரும் சண்முகவடிவு மட்டும் தயங்கினாள். பக்கவாதத்தில் கிடக்கும் புருஷனை எழுப்பி, குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்த பிறகுதான் அவள் தினமும் கிளம்ப முடியும். "நான் இருக்கேம்லா, போடு" என்றாள் நஸீரா. அவளும் போட்டாள்.

நேர அட்டவணை வந்த அன்று சண்முகவடிவு ரஞ்சனாவின் அறைக்கு வரவில்லை. நேரே நஸீராவின் முன்னால் போய் நின்றாள். "உங்க பேச்சைக் கேட்டுத்தானக்கா போட்டேன்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

கொஞ்ச நாள் பக்கத்து வீட்டாரை நம்பி இருட்டிலேயே கிளம்பிப் போனாள். ஒரு காலையில் புருஷன் தானாக எழுந்திருக்கப் பார்த்துக் கீழே விழுந்து தோளை முறித்துக்கொண்டார். சண்முகவடிவு வேலையை விட்டாள். மற்றவர்கள் நஸீராவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டு அறையைத் தாண்டிப் போகும்போது நஸீராவின் குரல் ரஞ்சனாவின் காதில் விழுந்தது. "அந்தப் புள்ளைய ஏசாதிய. மேல உள்ளவங்க பொறவு மாத்திட்டாங்க. அது என்ன செய்யும்?"

ரஞ்சனாவால் அங்கே நிற்க முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சாய்நாத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நீ ஆர்டரைத்தானே ஃபாலோ பண்ணினே?" என்றான் அவன். அவளுக்கு ஆறுதலாக இல்லை. முடிவாகலை என்று சொன்னது அனந்தகிருஷ்ணன் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை சீத்தா கேம்புக்குப் போனாள். நஸீரா அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பேசினாள்.

"நஸீராக்கா, அந்த டைமிங் எனக்கு முன்னாடியே தெரியும்."

நஸீராவின் கை நின்றது. "எப்பமே தெரியும்?"

"உங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடியே."

நஸீரா மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"நீ பொய் சொன்னதக்கூட விடு. அத என் வாயால சொல்ல வச்சிட்டியே. அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"மன்னிச்சுடுங்கோ."

"எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? வடிவுட்ட போய்ச் சொல்லு."

கூட வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. ரஞ்சனா தனியாகவே லேபர் கேம்புக்குப் போய், விசாரித்து, ஒடுக்கமான இரும்பு ஏணியில் ஏறினாள். தோளில் கட்டுடன் புருஷன் படுத்திருந்தார். வாசலில் நின்றபடியே சண்முகவடிவிடம் விஷயத்தைச் சொன்னாள். நிலையத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னாள்.

சண்முகவடிவு கத்தவில்லை. "அக்காவுக்குத் தெரியாதா? நெசமாவா?" என்று மட்டும் கேட்டாள்.

"சத்தியமா தெரியாது."

உடனே போனை எடுத்து நஸீராவை அழைத்தாள். "அக்கா" என்றதுமே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ரஞ்சனாவை உள்ளே வா என்றோ போ என்றோ யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் இறங்கிவிட்டாள்.

சண்முகவடிவு திரும்பி வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக நஸீராதான் சொன்னாள். அதையும் மற்றவர்களுக்கு எதிரில், "மேடம்" என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

அடுத்த மாதம் கோவண்டிக் கிளைக்கும் அதே திட்டத்தைக் கொண்டுபோகச் சொன்னார்கள். கூட்டத்தில் ரஞ்சனா முதலில் நேரத்தைச் சொன்னாள். காலை ஐந்தரை என்றதுமே சத்தம் கிளம்பியது. பாதிப் பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அனந்தகிருஷ்ணன் அன்றே அந்தப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றினார். வந்தவன் கெட்டிக்காரன். அங்கே யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று ரஞ்சனாவிடமே விசாரித்தான்.

"எனக்குத் தெரியாது" என்றாள் அவள். அவளுக்குத் தெரியும்.